ஐந்தில் நான்காம் கட்டம்

மூஸ் ஜா நகராட்சியின் அடித்தளம். இரவு இரண்டேகால்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சர்வர் அறைக்கு மட்டும்
வருடம் முழுக்க ஒரே பருவம்.

பனி தள்ளும் வண்டி எந்தத் தெருவுக்கு எப்போது வரும்
என்று ஊருக்குச் சொல்லும் தளம்
மாலையிலிருந்து முக்கி முனகி
ஒன்பது மணிக்குப் படுத்துவிட்டது.
எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்ததால், என்றார்கள் மேலே.
இல்லை.
பத்து நாளாக வட்டு கரகரத்துக்கொண்டிருந்தது.
என் காதில் விழுந்தது.
வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றிருந்தேன்.

முதலில் துண்டுகளைச் சேர்க்கப் பார்த்தேன்.
ஒரே கோப்பு நாலாயிரம் துண்டாய்ச் சிதறிக் கிடக்க
அதைப் படிக்கும் முள்
வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவரைப் போல
நாலாயிரம் வாசல் ஏறி இறங்குகிறது.
பதினைந்து சதவீதம் காலியிடம் கொடு என்றது கருவி.
இருந்தது மூன்று.
கட்டிலை நகர்த்தவும் கட்டிலளவு தரை வேண்டும்தானே.

இடத்தைத் தின்றவை பதிவுக் குறிப்புகள்:
யார் வந்தது, எத்தனை மணிக்கு, எதைக் கேட்டது,
கிடைக்கவில்லை
கிடைக்கவில்லை
கிடைக்கவில்லை என
ஆறு வருடம், ஒரு வரி விடாமல்.
அழித்தேன்.
கடைசி ஒரு வாரத்தை மட்டும், ஏனோ, விட்டுவைத்தேன்.

மறுபடி ஓட்டினேன். இப்போது வேறு பதில்:
வட்டின் மேல் அழுக்குக் குறி இருக்கிறது,
முதலில் சோதனை செய்.
சோதனையைக் கூப்பிட்டால்
வட்டைப் பூட்ட முடியாது, யாரோ பயன்படுத்துகிறார்கள்.
இந்த நேரத்தில், விழுந்து கிடக்கும் சர்வரில்,
யார்?
நான்தான். மூடாமல் விட்ட என் சன்னல் ஒன்று
பின்னால் திறந்து கிடந்தது.
மூடியும் பயனில்லை. அணைத்து ஏற்றினேன்.

கருப்புத் திரை.
ஒன்று, கோப்புகள். சரி.
இரண்டு, பெயர்கள். சரி.
மூன்று, எது யாருக்கு உரிமை. சரி.
நான்கில் பத்து சதவீதம் வரை வந்து
நின்றது.

ஒரு மணி நேரம், பத்து சதவீதம்.
கை தானாகப் பொத்தானுக்குப் போகிறது.
சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.
பாதியில் பிடுங்கினால் மீதியும் போகும்.
உயிர் இருப்பதற்கு ஒரே சாட்சி ஆரஞ்சு விளக்கு:
சிமிட்டும். யோசிக்கும்.
சிமிட்டும்.

மாடிப்படி வழியே டார்லீன் கோவல்சுக்கின் குரல்.
தாள் வரைபடத்தை விரித்து, சிவப்புப் பென்சிலோடு
வாக்கி டாக்கியில் வண்டிகளை ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.
ஓரெஸ்ட் சொல்கிறான், இரைச்சலுக்கு நடுவே,
அதபாஸ்கா தெருவில் ஒரு கார் புதைந்து கிடக்கிறது,
இழுக்க முடியாது, குறித்துக்கொள்,
சுற்றிப் போகிறேன்.
திரையில் ஒரு வரி: கெட்ட இடம், குறித்தாயிற்று.
பதினொன்று.

ஐந்தரைக்குத் தளம் எழுந்தது.
புது வட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டு
சோதனை பொறுக்கிப் போட்டிருந்த பெட்டியைத் திறந்தேன்.
சொந்தம் தெரியாத துண்டுகள்,
பெயருக்குப் பதில் எண்கள்.
பாதி குப்பை. ஒன்றில் மட்டும் ஒரு புகாரின் வால்:

"வாசலை அடைத்துக் குவித்துவிட்டுப் போகிறார்கள்.
மூன்றாம் முறையாக எழுதுகிறேன்.
போன தடவை ஆம்புலன்ஸ்"

அவ்வளவுதான்.
பெயர் இல்லை, தேதி இல்லை.
விட்டுவைத்த ஒரு வாரத்துக்குள் தேடினேன்.
அந்தப் படிவத்தை யாரும் தொட்டிருக்கவில்லை.
அதற்கு முந்திய ஆறு வருடம்
இரண்டே முக்காலுக்கு என் கையால் போனது.

அச்செடுத்து மேலே கொண்டுபோனேன்.
டார்லீன் நின்றபடியே படித்தாள்.
காதிலிருந்த பென்சிலை எடுத்து
வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி
எந்தத் தெரு, என்றாள்.